சிவப்புத் தொப்பி டெல்பர்ட்டும் மூன்றரை நிமிடமும்

ஒரு ஊரே சேர்ந்து ஒருவரைத் திட்ட வேண்டும் என்றால் அவருக்குச் சம்பளம் கொடுப்பதுதான் நியாயம். கான்சஸ் மாநிலத்து டாலிவரில் அந்தச் சம்பளம் ஆட்டத்துக்கு நூற்றைம்பது டாலர், மதியச் சாப்பாடு தனி. பதினான்கு வருடமாக அதை வாங்கிக்கொண்டு திட்டு வாங்கியவர் டெல்பர்ட் உன்ரூ.

வேலை ஒன்றும் பெரிதில்லை. பல்கலைக்கழகக் கால்பந்தாட்டம், பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்க வகை, தொலைக்காட்சியில் போகிறது. நடுவில் விளம்பரம் போட வேண்டும். வீட்டில் பார்ப்பவனுக்கு விளம்பரம் தானாக வந்துவிடும். மைதானத்தில் அதற்காக யாராவது ஆட்டத்தை நிறுத்தியாக வேண்டும். சிவப்புத் தொப்பி போட்ட ஆள் ஓரக்கோட்டைத் தாண்டி உள்ளே வந்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்காக வைத்துக்கொண்டு நிற்பார். அவர் கையை இறக்கும்வரை நடுவர் ஆட்டத்தைத் தொடங்கமாட்டார். எப்போது உள்ளே போக வேண்டும், எப்போது வெளியே வர வேண்டும் என்பதை வெளியே நிற்கும் ஒளிபரப்பு வண்டியிலிருந்து காதுக்குள் சொல்வார்கள். மொத்தம் பதினாறு தடவை. ஒவ்வொரு தடவையும் நாற்பதாயிரம் பேர் குளிரில் உட்கார்ந்துகொண்டு அந்தச் சிவப்புத் தொப்பியைப் பார்த்துக் கூச்சல் போடுவார்கள். விளம்பரத்தை விற்றவனும் வாங்கியவனும் எங்கோ கண்ணாடிக் கட்டிடத்தில் கதகதப்பாக இருப்பார்கள்.

வாரத்தின் மற்ற நாட்களில் டெல்பர்ட் பள்ளிப் பேருந்து ஓட்டினார். அப்பாவின் பால் மாடுகளை வங்கி ஏலம் விட்ட வருடம் ஸ்டியரிங்கைப் பிடித்தவர், இருபத்தேழு வருடம் விடவில்லை. தண்டவாளத்தைக் கடக்குமுன் பள்ளிப் பேருந்து நின்று, கதவைத் திறந்து, ரயில் சத்தம் கேட்கிறதா என்று கவனிக்க வேண்டும் என்பது சட்டம். கோதுமைக் கிடங்கை ஒட்டிய பழைய பாதையில் ரயில் ஓடிப் பல வருடமாகிறது; தண்டவாளத்துக்கு நடுவில் சூரியகாந்தி முளைத்து நிற்கிறது. டெல்பர்ட் அங்கேயும் நிறுத்துவார், கதவைத் திறப்பார், கேட்பார், மூடுவார், போவார். ஜனவரியில் கதவு திறந்ததும் பனிக்காற்று உள்ளே வந்து பிள்ளைகள் அலறும். அவர் ஒரு நாளும் விட்டதில்லை. சொன்னதைச் செய்கிற மனுஷன். அதுதான் அவருடைய பெருமை, தலையெழுத்தும் அதுவே.

சிவப்புத் தொப்பி அவருக்கு மைத்துனர் வேட் கோரிங் மூலமாக வந்தது. வேட் வாரநாட்களில் குழாய் வேலை பார்ப்பவர். ஆட்ட நாளில் ஓரக்கோட்டில் சங்கிலி பிடிப்பவர். நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும் என்பது ஆட்ட விதி. அந்தப் பத்து கஜத்தை அளக்கும் சங்கிலியின் முன் கம்பு வேட்டின் கையில் இருக்கும். முந்தைய சிவப்புத் தொப்பிக்காரருக்கு இடுப்பு எலும்பில் அறுவை நடந்தபோது வேட்தான் சொன்னார், "மச்சான், சும்மா நிக்கிற வேலை. ஆட்டத்தை ஓரக்கோட்டுலருந்து பாக்கலாம். காசும் குடுப்பாங்க. யாரு விடுவா?" அன்றிலிருந்து இருவரும் பத்தடி இடைவெளியில் நின்று பதினான்கு வருட ஆட்டம் பார்த்தார்கள்.

போன வசந்தத்தில் ஒரு வியாழக்கிழமை டாலிவர் பல்கலைக்கழகம் பெரிய லீக் ஒன்றுக்குத் தாவப் போவதாக அறிவித்தது. பல்கலைக்கழகத் தலைவர் ஒலிபெருக்கி முன் நின்று 'வருங்காலம்' என்ற சொல்லை ஒன்பது தடவை சொன்னார். டெல்பர்ட்டின் மனைவி ஆர்டித் எண்ணினாள். வருடத்துக்கு மூன்று கோடி டாலர் கூடுதலாக வருமாம். அந்தப் பணம் இல்லாவிட்டால் நல்ல ஆட்டக்காரனை எல்லாம் வேறு கல்லூரி காசு கொடுத்துக் கொத்திக்கொண்டு போய்விடுமாம். அது பொய்யுமில்லை, முந்தைய வருடமே மூன்று பையன்கள் போய்விட்டார்கள். ஆனால் புதிய லீக்கில் பக்கத்து ஊர் என்பதே தொள்ளாயிரம் மைல். ஒரு கல்லூரி இந்தக் கடலோரம், இன்னொன்று அந்தக் கடலோரம். பணம் பாதாளம் வரை பாயும் என்பார்கள். இங்கே அது கண்டத்தின் இரண்டு பக்கமும் பாய்ந்துவிட்டு டாலிவரை நடுவில் உட்கார வைத்தது.

இதில் அடிபட்டது கிரேலிங். டாலிவருக்கு முப்பத்தெட்டு மைல், அதே நெடுஞ்சாலை, அதே கோதுமை, அதே காற்று. இரண்டு கல்லூரியும் நூற்றெட்டு முறை மோதியிருந்தன. ஐம்பத்தொன்று இவர்களுக்கு, ஐம்பத்தொன்று அவர்களுக்கு, ஆறு சமம். டாலிவர் கழற்றிவிட்டுப் போகிறது என்று தெரிந்த மறுநாளே கிரேலிங் பல்கலைக்கழகத் தலைவி இரண்டே வரியில் அறிக்கை விட்டார்: இந்த நவம்பர் ஆட்டம்தான் கடைசி, இனி எந்தக் காலத்திலும் டாலிவரோடு ஆடப்போவதில்லை. ரோஷக்காரி. டெல்பர்ட் அவரைக் குறை சொல்லவில்லை.

ஆக நூற்றொன்பதாவது ஆட்டத்தை யார் ஜெயிக்கிறார்களோ அவர்களுக்குத்தான் கடைசி வார்த்தை. விதை விற்கும் கடையில், சவரக் கடையில், தேவாலயத்தின் கார் நிறுத்தத்தில், எங்கே போனாலும் அந்த ஒரே பேச்சு. லீக் போகட்டும், டிக்கெட் விலை போகட்டும், இந்த ஒன்றை மட்டும் ஜெயித்துவிட்டால் போதும் என்று ஊர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தது. டெல்பர்ட் அதற்கு மேல். அவருக்கு வேறு ஆசை என்று பெரிதாக எதுவும் இருந்ததில்லை. "இதை மட்டும் ஜெயிச்சுட்டா நான் தொப்பியைக் கழட்டி மாட்டிடுவேன்" என்று ஆர்டித்திடம் சொல்லியிருந்தார்.

ஆர்டித் மைதானத்துக்கு வருவதை நிறுத்தியிருந்தாள். அவளுடைய அப்பா காலத்திலிருந்து முப்பத்தோராம் வரிசையில் இருந்த இரண்டு இருக்கைக்கு, லீக் மாறும் ஏற்பாட்டில், டிக்கெட்டுக்கு மேல் தலா ஆயிரத்து இருநூறு டாலர் நன்கொடை கேட்டார்கள். "என் சீட்டுக்கு நான் நன்கொடை குடுக்கணுமா? போங்கடா" என்று வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்தாள், பதிவும் செய்துவைத்தாள்.

நவம்பர் மூன்றாவது சனிக்கிழமை. ஆட்டத்தைப் பதினோரு மணிக்கு வைக்க வேண்டும் என்று தொலைக்காட்சி ஆறு நாள் முன்புதான் சொன்னது. ஆட்டம் கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது டாலிவர் இருபது, கிரேலிங் இருபத்துநான்கு. மீதி நேரம் ஒரு நிமிடம் நாற்பது வினாடி. பந்து டாலிவரிடம்.

டாலிவர் பையன்கள் கூடிப் பேசக்கூட நிற்காமல் அடுத்தடுத்து ஓடினார்கள். கிரேலிங்கின் பெரிய உடம்புக்காரர்கள் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினார்கள். ஒருவன் குனிந்து வாந்தியே எடுத்தான். இன்னும் முப்பது கஜம் போய் எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி, வெற்றி. முதல் முயற்சி. இன்னும் இரண்டு ஓட்டத்தில் கிரேலிங்காரர்கள் விழுந்துவிடுவார்கள் என்று மைதானத்தில் இருந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்தது.

அப்போது கிரேலிங் பையன் ஒருவன் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு பொத்தென்று படுத்தான். தசைப்பிடிப்பாம். ஓடிக்கொண்டிருந்தவன், பக்கவாட்டில் நின்ற பயிற்சியாளரைப் பார்த்தான், பிறகு விழுந்தான். இந்த நாடகத்தை எல்லாக் கல்லூரியும் ஆடும், டாலிவரும் ஆடும். மருத்துவர் ஓடி வந்து காலை நீட்டிவிடுவார், அரை நிமிடத்தில் ஆட்டம் தொடரும். அரை நிமிடம் அந்தக் களைப்புக்குப் போதாது.

டெல்பர்ட்டின் காதுக்குள் ஒளிபரப்பு வண்டியிலிருந்து மாலரியின் குரல் வந்தது. சின்னப் பெண், நல்ல மாதிரி. "டெல்பர்ட், இன்னும் ஒரு பிரேக் பாக்கி இருக்கு. இதுலயே எடுத்துருங்க. முழு நீளம்."

பத்தடி தள்ளி வேட் நின்றார். காதில் வந்தது அவருக்குக் கேட்கவில்லை. ஆனால் பதினான்கு வருடமாகப் பார்த்த தோள். அது அசைவதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

"மச்சான், வேணாம்" என்றார் வேட். "கையத் தூக்காத. அவனுங்க செத்துக் கெடக்கானுங்க."

"எடுக்கச் சொல்றாங்க, வேட்."

"கேக்கலன்னு சொல்லு! இந்தக் கத்தல்ல என்ன கேக்கும்? கேக்கலன்னு சொல்லித் தொலையேன்டா!"

உண்மைதான். அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்றால் யாரும் நம்பியிருப்பார்கள். டெல்பர்ட் ஒரு நொடி நின்றார். பிறகு கால் தானாகக் கோட்டைத் தாண்டியது. கைகள் மேலே போய்க் குறுக்காக நின்றன.

நாற்பதாயிரம் பேர் அன்று போட்ட கூச்சல் வேறு ஜாதிக் கூச்சல். யாரோ வீசிய காபிக் குவளை ஒன்று அவர் முதுகில் பட்டுத் தெறித்தது. கிரேலிங் பையன்கள் தண்ணீர் குடித்தார்கள், தரையில் உட்கார்ந்தார்கள், ஒருவருக்கொருவர் காலை நீவிவிட்டுக்கொண்டார்கள். தசைப்பிடிப்புக்காரன் எழுந்து குதித்துப் பார்த்தான். மூன்றரை நிமிடம். பேருந்தை நிறுத்தி எத்தனையோ தண்டவாளத்தில் காத்திருந்தவர். இவ்வளவு நீளமான மூன்றரை நிமிடத்தை அவர் கண்டதில்லை.

கையை இறக்கினார். ஆட்டம் தொடர்ந்தது. எதிரே நின்றது வேறு அணி. முதல் முயற்சி ஒன்றுமில்லை. இரண்டாவது மூன்று கஜம். மூன்றாவது நான்கு. நான்காவதில் பந்தைப் பிடித்துக்கொண்டு பையன் முன்னால் பாய்ந்து விழ, மேலே ஒரு குவியல். அளக்கச் சொன்னார் நடுவர். வேட் முன் கம்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார், சங்கிலியை இழுத்து நிமிர்த்திக் கம்பைத் தரையில் ஊன்றினார். பந்து ஒரு விரல்கடை பின்னால் கிடந்தது. தன் ஊர் தோற்றதை வேட் தன் கையாலேயே அளந்து காட்டினார்.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு ஊர்க்காரர்களும் வாசலில் உரசிக்கொண்டு வெளியேறுவது வழக்கம். "அடுத்த வருஷம் பாத்துக்கறோம்டா" என்று தோற்றவன் சொல்வான். "வாங்க வாங்க, காபி போட்டு வைக்கிறோம்" என்று ஜெயித்தவன் சொல்வான். அன்று டாலிவர்க்காரர்கள் வாயைத் திறந்து, பாதியில் மூடிக்கொண்டார்கள். கிரேலிங்காரர்கள் சிரிக்கக்கூடச் செய்யாமல் காரில் ஏறிப் போனார்கள்.

திங்கட்கிழமை மாலரி குறுஞ்செய்தி அனுப்பினாள். பதினாறு இடைவேளையும் சரியாக முடிந்ததற்கு மேலிடத்தில் பாராட்டாம். அடுத்த வருடம் ஆட்டத்துக்கு இருநூறு டாலராம். காபிக் கடையில் யாரும் அவரைத் திட்டவில்லை. குவளையை வைத்துவிட்டு, ஊற்றிவிட்டு, பேசாமல் போனார்கள். திட்டியிருந்தால் தேவலை.

வியாழக்கிழமை நன்றி நாள், குடும்பமெல்லாம் கூடி விருந்து சாப்பிடும் பண்டிகை. வருடா வருடம் ஆர்டித் வீட்டில்தான் வான்கோழி. வேட் வருவாரோ மாட்டாரோ என்று இருந்தது. வந்தார். மேலங்கியைக் கழற்றி மாட்டினார், தங்கை ஆர்டித்தை அணைத்துக்கொண்டார், மேசையில் உட்கார்ந்தார். டெல்பர்ட் என்ற ஒருவர் அந்த அறையில் இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"ஆர்டித், அந்தக் கிரேவியை இப்படித் தள்ளச் சொல்லு."

"உன் மச்சான் பக்கத்துலதான இருக்காரு. நீயே கேளேன்."

"சொல்லுன்னா சொல்லு. அவருக்குக் காது ரொம்ப நல்லாக் கேக்கும். அதான் வினையே."

டெல்பர்ட் கிரேவியைத் தள்ளினார். உருளைக்கிழங்கு மசியல் வந்தது, போனது. ஆர்டித் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் டெல்பர்ட்டால் தாங்க முடியவில்லை. கரண்டியைக் கீழே வைத்தார்.

"வேட், லீக்கை வித்தது நானா? மூணு கோடிக்குக் கையெழுத்துப் போட்டது நானா? கிரேலிங்கக் கழட்டி விட்டவன் எவனோ. டிவி முதலாளி எவனோ. ஊரே என்னைப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்குது. நான் வெறும் கையத் தூக்குறவன்யா!"

வேட் முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தார்.

"அவனுங்க மூஞ்சிய நான் பாத்ததே இல்ல. எங்க போய்த் திட்டுவேன்? உன் மூஞ்சியத்தான் பாத்தேன். பத்தடியில நின்னு 'வேணாம்டா'ன்னேன்."

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று கேட்பது சுலபம். எய்தவன் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தால், வலிக்கிற மனுஷன் தைத்த அம்பைத்தான் பிடுங்கி ஒடிப்பான். டெல்பர்ட்டுக்கு அது புரிந்தது. புரிந்ததால் எரிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை.

"எனக்குத் தோணுச்சு" என்றார். "கேக்கலன்னு சொல்லலாம்னு, நீ சொல்றதுக்கு முன்னாடியே தோணுச்சு. செய்ய வரல. நிறுத்துன்னா நிறுத்திடுவேன். வேற மாதிரி எனக்குத் தெரியாது."

வேட் ஆர்டித்திடம் திரும்பினார். "அந்த ஆட்டத்தப் பதிஞ்சு வெச்சிருக்கியா? அந்தக் கடைசி அளவ நான் பாக்கணும். கம்பை நேரா ஊணுனனான்னு அஞ்சு நாளாத் தூக்கம் வரல."

ஆக அவருக்கும் ஒரு முள் இருந்தது. ஆர்டித் எழுந்து தொலைக்காட்சியைப் போட்டாள். மூவரும் கூடத்துக்குப் போனார்கள். கிரேலிங் பையன் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு விழுகிற இடம் வந்தது. படம் மறைந்து விளம்பரம் தொடங்கியது. ஆர்டித் அதைத் தாண்டிப் போகப் பொத்தானைத் தேடினாள்.

"இரு" என்றார் டெல்பர்ட். "ஓடட்டும்."

பதினான்கு வருடத்தில் ஆயிரம் தடவைக்கு மேலாகவே அவர் கையைத் தூக்கியிருந்தார். அந்த நேரத்தில் திரையில் என்ன ஓடியது என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. வேட்டும் பார்த்ததில்லை. இருவரும் மைதானத்தில் அல்லவா நின்றார்கள்.

ஒரு பிக்கப் வண்டி மலை ஏறியது. மூட்டு வலிக்கு ஒரு மாத்திரை வந்தது. அதைச் சாப்பிட்டால் வரக்கூடிய வியாதிகளை ஒருவன் மூச்சு விடாமல் வாசித்தான். ஒரு காப்பீட்டு நிறுவனம். மறுபடி அதே பிக்கப் வண்டி, அதே மலை.

"எத்தன தடவடா ஏறுவான்?" என்றார் வேட், யாரிடமும் இல்லாமல்.

கடைசி ஒரு நிமிடத்தை வாங்க யாரும் கிடைக்கவில்லை போலும். தொலைக்காட்சி தன் சொந்த விளம்பரத்தையே போட்டுக்கொண்டது. முரசு அதிர்ந்தது. கடல் அலை அடித்தது, பிறகு இன்னொரு கடல். புதிய லீக்கின் கல்லூரித் தலைக்கவசங்கள் ஒவ்வொன்றாக வரிசையில் வந்து நின்றன. கடைசியாக வந்து நின்றது டாலிவரின் தலைக்கவசம். 'அடுத்த இலையுதிர்காலம். கடலிலிருந்து கடல்வரை. எங்களிடம் மட்டுமே' என்றது ஒரு கனத்த குரல். பிறகு அதையே இன்னொரு தடவை போட்டார்கள், நேரத்தை நிரப்ப.

டெல்பர்ட் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். முகம் சிவந்து, காது வரை சிவந்து கிடந்தது. இருபத்தேழு வருடம் வராத ரயிலுக்குக் கதவைத் திறந்தவருக்கு அன்று முதல் தடவையாகக் கோபம் வந்தது. யார் மேல் என்று சொல்ல முடியாத கோபம், தன் மேலும்தான்.

"இதுக்கா?" என்றார். "வாங்க ஆளில்லாத நேரத்துக்கா நான் நிறுத்துனேன்?"

திரையில் மைதானம் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு கிழவர் கையை இறக்கிவிட்டு, கோட்டைத் தாண்டி, ஒழுங்காகத் தன் இடத்துக்குப் போய் நின்றார். அவர் பின்னால் கிரேலிங் பையன்கள் புது ஆட்கள் போல எழுந்து வந்துகொண்டிருந்தார்கள்.

"நிறுத்திடறேன்" என்றாள் ஆர்டித். அவள் கண் கலங்கியிருந்தது.

"நிறுத்தாத" என்றார் வேட். எழுந்து வந்து டெல்பர்ட்டின் பக்கத்தில், அதே சோபாவில் உட்கார்ந்தார். "தள்ளி உக்காரு மச்சான். இதுக்கப்புறம் நமக்குப் பாக்குறதுக்கு வேற ஆட்டம் கிடையாது."